வைட்லா கோப்பையின் இரண்டு நாட்கள்

மார்ச் மாதத்தின் மூன்றாம் வாரத்தில், நாங்கள் வசிக்கும் நியூயார்க் மாநிலத்து ஸ்கெனெக்டடியில் பனி ஏறக்குறைய உருகிவிடும். சாலையோரங்களில் அழுக்கேறிய திட்டுகளாக மட்டும் அது மிஞ்சியிருக்கும். அந்த வாரத்தில்தான் நானும் என் மகளும், மடித்துவைத்த கம்பளி உடுப்புகளை மறுபடியும் வெளியே எடுத்துக்கொண்டு, வடக்கே இரண்டரை மணி நேரம் வண்டியோட்டிச் சென்று, அடிராண்டாக் மலைகளுக்கு நடுவே இருக்கும் லேக் பிளாசிட் என்ற சிற்றூரை அடைவோம். நெடுஞ்சாலையை விட்டு 73ஆம் எண் சாலையில் திரும்பியதும் குளிர்காலம் மறுபடி தொடங்கிவிடும். கேஸ்கேட் ஏரிகளின் மேல் பனிக்கட்டி அப்போதும் கெட்டியாகவே கிடக்கும். அங்கே வெள்ளிக்கிழமை இரண்டு அரையிறுதி ஆட்டங்களும் சனிக்கிழமை இறுதி ஆட்டமும் நடக்கும். ஈசிஏசி என்ற கல்லூரி ஐஸ் ஹாக்கி லீக்கின் கோப்பை அந்த இரண்டு நாட்களில்தான் கைமாறுகிறது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் கான்ஃபரன்ஸ் என்பது, ஒரு வட்டாரத்துக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடிக்கொள்வதற்காக அமைத்துக்கொண்ட லீக்தான். ஈசிஏசியில் பன்னிரண்டு அணிகள் உள்ளன: ஐவி லீக் பல்கலைக்கழகங்களான பிரவுன், கார்னெல், டார்ட்மத், ஹார்வர்ட், பிரின்ஸ்டன், யேல், நியூயார்க் மாநிலத்தின் கிளார்க்சன், செயின்ட் லாரன்ஸ், கோல்கேட், ஆர்.பி.ஐ., யூனியன், கனெக்டிகட்டின் குவினிபியாக். ஒவ்வோர் அணியும் மற்ற பதினொன்றுடனும் இரண்டிரண்டு முறை மோதி, 22 ஆட்டங்களின் முடிவில் முதலிடம் பெறும் அணிக்குக் கிளியரி கோப்பை கிடைக்கும். 1960 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடியவரும், பிற்பாடு ஹார்வர்டின் பயிற்சியாளராக 1989இல் தேசியப் பட்டம் பெற்றவருமான பில் கிளியரியின் பெயர் அது. ஆனால் பருவம் அதோடு முடிவதில்லை. பன்னிரண்டு அணிகளும் மீண்டும் வரிசைப்படுத்தப்பட்டு, கடைசியாக வந்த அணி உட்பட எல்லோருக்கும் வாசல் திறந்திருக்கும் ஒரு தொடர் மார்ச்சில் தொடங்கும். முதல் நான்கு அணிகளுக்கு முதல் சுற்றில் ஓய்வு. மற்ற எட்டும் ஒரே ஆட்டத்தில் வாழ்வா சாவா என்று மோதும். காலிறுதியில் மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டும். அவை தரவரிசையில் மேலே உள்ள கல்லூரியின் அரங்கத்திலேயே நடக்கும். அதைத் தாண்டும் நான்கு அணிகள்தான் லேக் பிளாசிடுக்கு வரும். அங்கே கிடைப்பது வைட்லா கோப்பை. அதனுடன் தேசியத் தொடரின் பதினாறு இடங்களில் ஒன்றும் யாரும் பறிக்க முடியாதபடி கைக்கு வரும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இந்தத் தொடரின் எடை முழுவதும் இருக்கிறது. கனெக்டிகட்டில் ஹேம்டனுக்கு அருகில் வசிக்கும் நண்பர் ஒருவரை நான் அண்ணன் என்றுதான் அழைப்பேன். ஹேம்டன் குவினிபியாக்கின் ஊர். 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து கிளியரி கோப்பையை வென்ற அணி குவினிபியாக். அந்த ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட வைட்லா கோப்பை அதற்குக் கிடைக்கவில்லை. 2021இன் இறுதி ஆட்டத்தில் செயின்ட் லாரன்ஸிடம் கூடுதல் நேரத்தில் 3–2 என்று தோற்றது. 2022இன் இறுதி ஆட்டத்தில் ஹார்வர்டிடம் அதே 3–2, அதே கூடுதல் நேரம். 2023 அரையிறுதியில் கோல்கேட்டிடம் இரண்டாவது கூடுதல் நேரத்தில், மறுபடியும் 3–2. 2024இலும் 2025இலும் அரையிறுதியோடு வீடு திரும்பியது. அந்த அணி இதுவரை வைட்லா கோப்பையை வென்றது 2016இல் மட்டும்தான். ஒவ்வோர் ஆண்டும் அந்த வெள்ளிக்கிழமை இரவு அண்ணனிடமிருந்து அழைப்பு வரும்.

“இருபத்திரண்டு ஆட்டம் ஆடி முதலாவதா வந்தவனுக்கு ஒரே ராத்திரியில கையில இருந்தது போயிடுதுன்னா, அந்த நாலு மாச உழைப்பு எதுக்கு தம்பி?” என்று 2023இல் அவர் கேட்டபோது அவர் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது.

அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. அவருடைய முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தேசியத் தொடரின் பதினாறு இடங்களில் ஆறுதான் ஆறு கான்ஃபரன்ஸ்களின் வெற்றியாளர்களுக்கு உரியவை. மீதிப் பத்து இடங்கள் பருவம் முழுவதும் நன்றாக ஆடிய அணிகளுக்குக் கணக்கின்படி கொடுக்கப்படுகின்றன. ஆகவே 22 ஆட்டங்களின் உழைப்பு வீணாவதில்லை. லேக் பிளாசிடில் கோல்கேட்டிடம் தோற்ற அதே குவினிபியாக், அந்தப் பத்து இடங்களில் ஒன்றின் வழியாக உள்ளே சென்று, மூன்று வாரங்கள் கழித்துத் தாம்பாவில் மினசோட்டாவைக் கூடுதல் நேரத்தின் பத்தாவது விநாடியில் வீழ்த்தித் தேசியப் பட்டத்தையே வென்றது. அந்த இரவு அண்ணன் அழைத்தபோது இருவருக்குமே பேச்சு வரவில்லை. கோல்கேட்டுக்கோ வேறு வழியே கிடையாது. 1990க்குப் பிறகு அந்தக் கல்லூரி இந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. அரையிறுதியில் குவினிபியாக்கையும் இறுதியில் ஹார்வர்டையும் வென்றதால் மட்டுமே அதற்குத் தேசியத் தொடரின் கதவு திறந்தது. பருவத்தின் முதல் பாதியில் தடுமாறி, ஜனவரியில் காயங்களால் நொந்து, பிப்ரவரி கடைசியில்தான் ஒன்றுகூடி ஆடத் தொடங்கிய ஓர் அணிக்கு இந்தத் தொடரைத் தவிர வேறு வாசல் இல்லை. 2018இல் ஏழாம் இடத்திலிருந்து வந்த பிரின்ஸ்டன் கிளார்க்சனை இறுதியில் கூடுதல் நேரத்தில் 2–1 என்று வென்றதும் அப்படித்தான்.

தோற்றவர்களுக்கும் இந்த வாரக்கடைசி என்ன செய்யக்கூடும் என்பதற்கு யேலின் 2013ஆம் ஆண்டு போல இன்னொன்றை நான் அறியேன். அந்த ஆண்டு இறுதிச் சுற்று அட்லாண்டிக் சிட்டியில் நடந்தது. அரையிறுதியில் யூனியன் யேலை 5–0 என்று வென்றது. அப்போது மூன்றாம் இடத்துக்கும் ஓர் ஆட்டம் இருந்தது. அதில் குவினிபியாக் 3–0 என்று வென்றது. இரண்டு நாட்களில் ஒரு கோல்கூடப் போடாமல் ஊர் திரும்பிய அணியின் தலைவிதி, மறுநாள் டெட்ராய்ட்டில் வேறொரு கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டத்தில் இருந்தது. அதில் மிச்சிகன் வென்றிருந்தால் அதற்குரிய இடம் போக யேலுக்கு மிச்சம் இருந்திருக்காது. நோட்ரடாம் வென்றதால் கடைசி இடம் யேலுக்கு வந்தது. அப்படி நுழைந்த யேல், முதல் ஆட்டத்தில் மினசோட்டாவைக் கூடுதல் நேரம் தொடங்கிய ஒன்பதாவது விநாடியில் வென்று, நார்த் டகோட்டாவையும் லோவெலையும் கடந்து, பிட்ஸ்பர்க்கில் நடந்த இறுதியில் அதே குவினிபியாக்கை 4–0 என்று வென்றது. அந்தப் பருவத்தில் அதற்கு முன் மோதிய மூன்று முறையும் குவினிபியாக்தான் ஜெயித்திருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எனக்கு இன்றும் ஆறாத ஒன்று. கொரோனாவின் காரணமாக 2020–21 பருவத்தில் ஐவி லீக் அணிகள் உட்பட எட்டு அணிகள் ஆடவே இல்லை. மிஞ்சிய நான்கில் செயின்ட் லாரன்ஸும் ஒன்று. கனடா எல்லைக்கு அருகே கேன்டன் என்ற ஊரில் இருக்கும் சிறிய கல்லூரி அது. ஹேம்டனில், குவினிபியாக்கின் சொந்த அரங்கத்திலேயே, இறுதியில் அதைக் கூடுதல் நேரத்தில் வென்று கோப்பையை வாங்கினார்கள். அடுத்த நாள், தேசியத் தொடரின் பட்டியல் வெளியாவதற்கு முன், அவர்களுடைய தலைமைப் பயிற்சியாளருக்குக் கொரோனா உறுதியானது என்ற செய்தி வந்தது. அணி விலகிக்கொள்ள வேண்டியதாயிற்று. வென்றவரின் இடம் தோற்ற குவினிபியாக்குக்கே போனது. யார் மேலும் குற்றம் சொல்ல இடமில்லாத இழப்பு அது. அந்தப் பையன்களில் இறுதியாண்டு மாணவர்கள் சிலருக்கு அதற்குப் பிறகு கல்லூரி ஹாக்கி ஆட்டமே கிடைத்திருக்காது என்று நினைக்கும்போது, மூன்று ஆண்டுகள் கழித்து 2024இல் செயின்ட் லாரன்ஸ் லேக் பிளாசிடின் இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்ற சனிக்கிழமையன்று என் மகளும் நானும் எந்த அணியின் பக்கம் அமர்ந்திருந்தோம் என்று சொல்லத் தேவையில்லை. கார்னெல் 3–1 என்று வென்றுவிட்டது.

இடத்தைப் பற்றியும் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. 1967 முதல் கால் நூற்றாண்டுக் காலம் இந்த இறுதிச் சுற்று பாஸ்டன் கார்டன் என்ற அரங்கத்தில் நடந்தது. பாஸ்டன் கல்லூரி, பாஸ்டன் பல்கலைக்கழகம் முதலிய அணிகள் பிரிந்து போய் ஹாக்கி ஈஸ்ட் என்ற தனி லீக்கை 1984இல் தொடங்கிய பின்னரும் சில ஆண்டுகள் அங்கேயே தொடர்ந்தது. 1993இல் லேக் பிளாசிடுக்கு வந்து, 2003இல் ஆல்பனிக்குப் போய், 2011இல் அட்லாண்டிக் சிட்டிக்குப் போய், 2014இல் மறுபடியும் லேக் பிளாசிடுக்கே திரும்பியது. ஆல்பனி எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். இருந்தாலும் தொடர் அங்கே திரும்பி வர வேண்டும் என்று ஒருநாளும் நான் விரும்பியதில்லை. பெரிய நகரத்தின் பெரிய அரங்கத்தில் கல்லூரி ஆட்டம் பாதி காலியான இருக்கைகளுக்கு நடுவே தொலைந்துபோகும். இன்னொரு பக்கம், பிக் டென் கான்ஃபரன்ஸ் 2018 முதல் பொது இடத்தைக் கைவிட்டு, மேல்வரிசை அணியின் சொந்த அரங்கத்திலேயே இறுதியையும் நடத்துகிறது, என்.சி.எச்.சி. என்ற லீக்கும் 2026 முதல் அந்த வழிக்குப் போவதாக அறிவித்தது. அரங்கம் நிரம்பும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு கல்லூரியின் கூட்டம் மட்டும் நிரம்பியிருக்கும் அரங்கத்தில் நடப்பது இன்னொரு வீட்டு ஆட்டமே தவிர, எல்லோரும் பயணப்பட்டு வந்து சேரும் திருவிழா ஆகாது.

லேக் பிளாசிடின் மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். அந்த ஊரில் 1932, 1980 என்று இரண்டு குளிர்கால ஒலிம்பிக்குகள் நடந்திருக்கின்றன. இரண்டுக்கும் கட்டிய பனி அரங்கங்கள் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. 1980 பிப்ரவரி 22 அன்று கல்லூரி மாணவர்களைக் கொண்ட அமெரிக்க அணி சோவியத் அணியை 4–3 என்று வென்ற அரங்கத்தில்தான் இன்று இந்தப் பையன்கள் ஆடுகிறார்கள். அந்த அணியின் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸின் பெயர் 2005இல் அதற்குச் சூட்டப்பட்டது. அதை எல்லோரும் அறிவார்கள். எனக்கு அதைவிட நெருக்கமானது பக்கத்திலுள்ள பழைய அரங்கம். கார்னெல் 1970இல் ஒரு தோல்வியும் இல்லாமல், ஒரு சமநிலையும் இல்லாமல் 29 ஆட்டங்களையும் வென்றது; வேறெந்தத் தேசிய வெற்றியாளரும் அதன்பின் அதைச் செய்ததில்லை. ஈசிஏசி இறுதியில் கிளார்க்சனுக்கு எதிராக, ஆட்டம் முடிய 14 விநாடிகள் இருக்கும்போது விழுந்த கோலால் 3–2 என்று தப்பினார்கள். அடுத்த வாரம் தேசிய இறுதியிலும் அதே கிளார்க்சன்தான். அந்த ஆட்டம் நடந்தது லேக் பிளாசிடின் இந்தப் பழைய அரங்கத்தில். 6–4 என்று கார்னெல் வென்றது. கார்னெலும் கிளார்க்சனும் இங்கே இன்று மோதும்போது, அன்று மாணவர்களாக இருந்தவர்கள் சிலர் இப்போது எழுபத்தைந்து வயதில் கம்பளித் தொப்பியுடன் கூட்டத்தில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

2014இல் முதன்முதலாக நான் அங்கே போனபோது என் மகளுக்கு நான்கு வயது. எங்கள் ஊர்க் கல்லூரியான யூனியன் இறுதியில் கோல்கேட்டை 5–2 என்று வென்றது. ஏறத்தாழ இரண்டாயிரம் மாணவர்களே படிக்கும், அப்போது விளையாட்டுக்கென்று உதவித்தொகை தராத அந்தக் கல்லூரி, மூன்று வாரங்கள் கழித்துப் பிலடெல்பியாவில் மினசோட்டாவை 7–4 என்று வென்று தேசியப் பட்டத்தையும் எடுத்துவந்தது. மகளுக்கு அந்த ஆட்டத்தில் நினைவிருப்பது சாம்போனி வண்டி மட்டும்தான். ஒவ்வொரு இடைவேளையிலும் அந்த வண்டி மெதுவாகச் சுற்றிவந்து, சறுக்குக் காலணிகள் கீறிப்போட்ட வெண்மையான பனித்தளத்தின் மேல் வெந்நீரைப் பரப்பிச் செல்லும். அது போன தடம் முதலில் ஈரமாக மினுங்கி, பிறகு கண்ணாடிபோல் இறுகும். அந்த நேரத்தில் அரங்கத்துக்குள் எழும் ஈரமும் குளிரும் கலந்த வாசனை கோட்டுக்குள் புகுந்து வீடு வரை வரும். எங்கள் இருக்கை கீழ் வரிசையில் கண்ணாடித் தடுப்புக்கு அருகில் இருந்தது. பக் எனப்படும் அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை தடுப்பில் மோதும்போது வெடிச்சத்தம்போல் கேட்கும். நான்கு வயதில் அவள் ஒவ்வொரு முறையும் என் கையைப் பற்றிக்கொண்டாள்.

கார்னெல் வரும் ஆண்டுகளில் அரங்கத்தின் ஒலியே மாறிவிடும். அவர்களுடைய வாத்தியக் குழுவும் மாட்டுமணியும் இத்தாக்காவிலிருந்து நான்கைந்து மணி நேரம் பயணம் செய்து வந்துவிடும். தேசிய கீதத்தில் சிவப்பு என்ற சொல் வரும் இடத்தில் கூட்டம் முழுவதும் அந்த ஒரு சொல்லைக் கூரை அதிரக் கத்தும். கார்னெலின் நிறம் அது. எதிரணியின் வீரர்களை அறிவிக்கும்போது ஆயிரம் செய்தித்தாள்கள் ஒரே நேரத்தில் விரியும்.

“அப்பா, இவங்க எல்லாரும் ஏன் பேப்பர் படிக்கிறாங்க?” என்று மகள் ஒருமுறை கேட்டாள். உங்கள் பெயர்களைக் கேட்பதைவிட நேற்றைய செய்தி எங்களுக்கு முக்கியம் என்று எதிரணிக்குக் காட்டும் பழக்கம் அது என்று சொன்னேன். கோபித்துக்கொள்ளாமல் எதிரணிப் பையன்கள் சிரித்ததையும் அவளுக்குக் காட்டினேன்.

கூடுதல் நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொடரைச் சொல்ல முடியாது. சாதாரணப் பருவத்தில் சமநிலை வந்தால் அணிக்கு மூன்று பேராக ஐந்து நிமிடம் ஆடி விஷயத்தை முடித்துவிடுவார்கள். இந்தத் தொடரில் அது கிடையாது. ஐவருக்கு ஐவர், முழு இருபது நிமிடம்; கோல் விழாவிட்டால் இன்னொரு இருபது; விழும் வரை இப்படியே. 2010 மார்ச்சில் எங்கள் ஊர் மெஸ்ஸா அரங்கத்தில் காலிறுதி ஆட்டமொன்றில் யூனியனும் குவினிபியாக்கும் ஐந்தாவது கூடுதல் நேரம் வரை போனார்கள். 150 நிமிடம் 22 விநாடி ஆடிய பிறகு, நள்ளிரவு தாண்டி, குவினிபியாக் 3–2 என்று வென்றது. கல்லூரி ஹாக்கியின் மிக நீண்ட ஆட்டமாக அது ஐந்து ஆண்டுகள் இருந்தது. 2015இல் ஹாக்கி ஈஸ்ட் தொடரில் மாசசூசெட்ஸும் நோட்ரடாமும் 151 நிமிடம் 42 விநாடி ஆடி அதைத் தாண்டினார்கள். அந்த ஆட்டத்தில் தோற்ற நோட்ரடாமின் கோல்கீப்பர் கால் பீட்டர்சன் 87 முறை பக்கைத் தடுத்திருந்தார். மூன்றாவது கூடுதல் நேரத்தில் வீரர்கள் பெஞ்சில் வந்து அமரும் விதத்தை ஒருமுறை கண்ணாடிக்கு அருகிலிருந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: யாரும் பேசுவதில்லை, கையுறையைக் கழற்றக்கூட விரல்கள் ஒத்துழைப்பதில்லை.

2025 மார்ச்சில் நாங்கள் போனது ஒருவருக்காக. கார்னெலின் பயிற்சியாளர் மைக் ஷேஃபர் முப்பது பருவங்களுக்குப் பிறகு ஓய்வுபெறுவதாக முன்பே அறிவித்திருந்தார். 1986இல் அதே கார்னெலின் கேப்டனாக இந்தக் கோப்பையை வென்றவர் அவர். பயிற்சியாளராக வந்த முதல் பருவத்திலேயே, 1996இல், லேக் பிளாசிடில் அதை வென்றார். அடுத்த ஆண்டும் வென்றார். பிறகு ஆல்பனியில் 2003, 2005, 2010. அதன்பின் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்து, 2024இல் மறுபடி லேக் பிளாசிடில் வென்றார். கடைசிப் பருவம் அவருக்கு எளிதாக அமையவில்லை. அணி மேல்வரிசையில் முடிக்கவில்லை. முதல் சுற்றிலிருந்தே ஆட வேண்டியிருந்தது. அரையிறுதியில் குவினிபியாக்கை வென்றார்கள். அண்ணன் அன்றிரவும் அழைத்தார். ஆனால் முதல் வாக்கியமே ஷேஃபரைப் பற்றியதாக இருந்தது. “அவர் ஜெயிச்சா நல்லாத்தான் இருக்கும்,” என்றார்.

இறுதியில் கிளார்க்சன். கார்னெல் 3–1 என்று வென்றது. அது அந்தக் கல்லூரியின் பதினான்காவது கோப்பை, பயிற்சியாளராக ஷேஃபருக்கு ஏழாவது. மணி ஒலித்ததும் சிவப்புச் சட்டைகள் கோல்கீப்பர் மேல் குவிந்தன. பச்சையும் தங்கமும் அணிந்த கிளார்க்சன் பையன்கள் பனித்தளத்தில் வரைந்த நீலக் கோட்டின் அருகே மட்டைகளின் மேல் சாய்ந்தபடி நின்று, பிறகு வரிசையாக வந்து ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். வரிசையின் கடைசியில் ஷேஃபரிடம் வந்தபோது அவர்களில் பலர் கை கொடுப்பதோடு விடாமல் ஒரு நொடி நின்று ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் இருக்கையிலிருந்து அது கேட்கவில்லை.

நாங்கள் வெளியே வந்தபோது அரங்கத்தின் பின்பக்கச் சாலையில் கிளார்க்சனின் பேருந்து எஞ்சினை ஓடவிட்டபடி நின்றுகொண்டிருந்தது. அவர்கள் ஊரான பாட்ஸ்டாமுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேலான மலைப்பாதை. குளித்து ஈரம் காயாத தலையோடு பையன்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பெற்றோர்கள் அலுமினியத் தாள் மூடிய உணவுத் தட்டுகளோடு படிக்கட்டின் இருபுறமும் காத்திருந்தார்கள். ஓர் அம்மா தன் மகன் கையில் தட்டைக் கொடுத்துவிட்டு, அவன் தொப்பியைக் காது மூடும்படி கீழே இழுத்துவிட்டார். என் மகள் அவர்களைக் கடக்கும்போது நடையை மெதுவாக்கிக்கொண்டாள்.